தடைப் பட்டியலில் ஒரு செவி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

போர் என்றதும் குண்டும் பீரங்கியும் போர் விமானமுமே நம் கண்முன் வந்து நிற்கின்றன. குண்டு வெடிக்காமலே நடக்கும் போர் ஒன்றும் உலகில் உண்டு. அதன் பெயர் பொருளாதாரத் தடை. ஒரு நாட்டுக்கோ, ஒரு நாட்டின் ஒரு பகுதிக்கோ இன்னின்ன பொருள்கள் போகக்கூடாது என்று ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கையொப்பம் இட்டுவிட்டால் போதும். அந்தத் தாளே படை; அந்தத் தாளே கோட்டைச் சுவர்.

“போரைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல் அன்றோ? இதில் யாரும் சாவதில்லையே!” என்று கூறுவோர் பலர். பட்டிமன்றம் ஒன்றில் நானே அப்படிப் பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். இன்று அந்தக் கருத்து எனக்கு இல்லை. அது ஏன் மாறிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அரண் சேர முடியாதவர்கள்

நம் முன்னோர் முற்றுகையை அறிந்தவர்கள். கோட்டையைச் சுற்றி வளைத்து நிற்பதற்கு உழிஞை என்று ஒரு திணையே வகுத்தார்கள். ஆவூர்க் கோட்டையை நலங்கிள்ளி முற்றுகையிட்டபோது உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியைப் பார்த்துக் கோவூர் கிழார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பாலின்றிக் குழந்தைகள் அழுவதையும், வீடுகளில் தண்ணீர் இல்லாமல் மக்கள் வருந்துவதையும் எடுத்துச் சொல்லி, ஒன்று கதவைத் திற, இல்லையேல் வெளியே வந்து போரிடு என்று மன்னனை இடித்துரைக்கிறார் அப்புலவர். முற்றுகையின் துன்பம் முதலில் யார்மேல் விழுகிறது என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவர் கண்டுகொண்டார்.

இன்னொரு பாட்டும் நாம் அறிந்ததே. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் நெட்டிமையார், அப்பாண்டியன் அம்பு தொடுக்குமுன் பசுக்களும், அந்தணரும், பெண்டிரும், பிணியுற்றோரும், புதல்வரைப் பெறாதோரும் பாதுகாப்பான இடத்தைச் சேர்ந்துகொள்ளுமாறு முன்கூட்டியே அறிவிப்பான் என்கிறார். பிணியுற்றோர் அந்த வரிசையில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நடக்க இயலாதவனையும் நோயாளியையும் போருக்கு வெளியே நிறுத்துவது அறம் என்று அன்றைய தமிழன் கருதினான்.

அம்புக்குத் தப்ப ஓர் அரண் இருந்தது. பொருளாதாரத் தடைக்குத் தப்ப எந்த அரணுக்குப் போவது? தடை என்பது நாடு முழுவதையும் ஒரே கயிற்றால் கட்டுவது. அதில் ஓடக்கூடியவன் சற்றே நெகிழ்த்திக்கொள்வான். ஓட முடியாதவன் கழுத்தில் கயிறு இறுகும்.

தந்தையாரின் காது மிஷின்

எங்கள் ஊர் திரேஸ்புரம், தூத்துக்குடி நகரின் வடபுறத்துக் கடற்கரை. இக்கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிக்கும் தொழில் இன்றும் எங்கள் ஊரில் நடக்கிறது. என் தந்தையார் இருபத்தாறு ஆண்டுகள் சங்கு குளித்தவர். பத்துப் பாக ஆழத்தில் உடம்பின்மேல் இருக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இது நான் கல்லூரிக்கு வந்து கணக்கிட்டு அறிந்தது. என் தந்தையாரின் செவிப்பறை அதைக் கணக்கில்லாமலே அறிந்திருந்தது. கிழிவதும், சீழ் பிடிப்பதும், ஆறுவதும், மறுபடி கிழிவதுமாக இரண்டு காதும் மெல்ல மெல்ல அடைத்துப்போயின.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே படிவம் நிரப்பும் வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது. அடையாள அட்டைக்கு ஒரு படிவம், காது மிஷினுக்கு ஒரு படிவம், அதைப் புதுப்பிக்க ஒரு படிவம். கடைசியில் வந்தது, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் ஒரு சிறிய பெட்டி. அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். உள்ளே ஒரு பென் பேட்டரி. அதை மாட்டிய அன்று என் தந்தையார் முதலில் கேட்டது என் தாயாரின் குரலை அன்று. வீட்டுக் கூரைமேல் காக்கை கத்தியதைத்தான். “காக்கா இன்னும் இருக்கால?” என்று சிரித்தார்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஊரெல்லாம் வெள்ளம், மின்சாரம் இல்லை, கடைகள் அடைத்துக் கிடந்தன. இரண்டாம் நாளே மிஷினின் பேட்டரி தீர்ந்துவிட்டது. படகில் வந்த இளைஞர்கள் யாருக்கு என்ன வேண்டும் என்று உரக்கக் கேட்டுக்கொண்டு போனார்கள். என் தந்தையார் திண்ணையில் உட்கார்ந்து வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் பேட்டரி கிடைத்தது. மாட்டிக்கொண்டதும் அவர் சொன்னார்: “கடலுக்கு அடியில கெடக்க மாதிரி இருந்துச்சுல. மேல வரத்தான் வழி தெரியல.”

ஐந்து நாள்! அதுவும் இயற்கை செய்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. எங்களுக்கு அந்த ஐந்து நாளும் அரிசிதான் கவலை. அவருக்கு அரிசியோடு சேர்த்து உலகமே இல்லாமல் போயிற்று. இதே நிலையை மனிதர்களே ஒரு தாளில் எழுதி ஆண்டுக்கணக்கில் நீட்டினால் என்ன ஆகும் என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண வைத்தவர் அக்கரையிலிருந்து வந்த ஒருவர்.

அக்கரையில் நடந்தது

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் நம் மாவட்டத்திலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றுக்கு நாங்கள் சென்றிருந்தோம். மரக்கன்று நட்டு முடித்ததும் ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். அந்த வீட்டுக்காரர் ஐம்பது வயதைக் கடந்தவர். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். நான் பொருளாதாரத் தடை பற்றிப் பட்டிமன்றத்தில் பேசிய பெருமையைச் சொன்னபோது அவர் மெல்லச் சிரித்தார். “அந்த நேரம் எங்கட ஊரிலை பொருளாதாரத் தடை எண்டால் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், தம்பி” என்றார்.

வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1987 ஜனவரியில் இலங்கை அரசு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் போவதைத் தடுத்தது. அவ்வாண்டு ஜூன் 3-ஆம் நாள் இராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருள்களோடு புறப்பட்ட 19 படகுகளை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள் சுமார் 25 டன் பொருள்களை வானிலிருந்து போட்டன. அதன்பின் 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வந்ததுதான் நெடுங்காலத் தடை. பெட்ரோல், டீசல், சிமெண்டு, இரும்பு, யூரியா, பேட்டரி எனப் பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றது. நம் கரையிலிருந்து பெட்ரோலும் பேட்டரியும் மருந்தும் படகில் கொண்டுபோனால் இங்கும் வழக்கு. இரு கரையிலும் சுவர் எழுந்தது. 2002 ஜனவரியில்தான் பெரும்பாலான பொருள்கள் மீதான தடை நீங்கியது. 2006 ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மறுபடி மூடப்பட்டது. அதன்பின் 2009 மே மாதம் வரை வன்னி மக்கள் பட்ட பாடு உலகறிந்தது.

அக்காலத்து யாழ்ப்பாணத்து மக்களின் புத்திசாலித்தனத்தை இயற்பியல் மாணவன் என்ற முறையில் நான் வியக்கிறேன். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு ‘சிக்கன விளக்கு’ செய்தார்கள். ஒரு சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். தடையை வென்ற கதையாக இவை பெருமையோடு எழுதப்பட்டிருக்கின்றன. பெருமைப்படத் தக்கவைதாம்.

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இந்த மாற்று வழிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் உடம்பு வேண்டும். பேருந்து இல்லையென்றால் மிதிவண்டி. அதற்குக் கால் வேண்டும். டைனமோவுக்குக் கை வேண்டும். சிக்கன விளக்கின் மங்கலான ஒளியில் வழி தெரியக் கூரிய கண் வேண்டும். கூப்பன் வரிசையில் அரைநாள் நிற்க இடுப்பில் வலு வேண்டும். பாதைகள் அடைபட்டபோது கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்து வெளியே போக எல்லாமே வேண்டும். பொருள் இல்லாத இடத்தை மற்றவர்கள் தம் உடம்பால் நிரப்பினார்கள். உடம்பின் குறையைப் பொருளால் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் எதைக் கொண்டு நிரப்புவார்கள்? தடையின் முழுப் பாரமும் அவர்கள்மேல் இறங்குவது இங்கேதான்.

அந்த ஐயா பதினேழு வயதில் ஷெல் வீச்சில் கால் இழந்தவர். யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர்க் கால் பொருத்திக்கொண்டார். 1968-ஆம் ஆண்டு வாக்கில் ஜெய்ப்பூரில் இராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய கால் அது. ரப்பர், மரம், நைலான் நூல், அலுமினியத் தகடு ஆகியவற்றால் சாதாரணப் பட்டறையிலேயே செய்யலாம்; வெறுங்காலோடு வயலில் இறங்கலாம். ஏழைகளுக்காகவே பிறந்த கால் என்று சொல்லலாம். 1987-இல் தொடங்கிய யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையம் போர்க்காலம் முழுவதும் இந்தப் பணியைச் செய்துவந்தது பாராட்டுக்குரியது. எனினும் எந்தச் செயற்கைக் காலும் ஆயுளுக்கும் வருவதில்லை. பாதம் சில ஆண்டுகளில் தேய்கிறது, வார் அறுகிறது, வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் அளவு மாறுகிறது. “கால் போனது ஒரு நாளிலை, தம்பி. கிடைச்ச கால் தேய்ஞ்சது ஒவ்வொரு நாளும். தேய்ஞ்ச இடத்திலை சைக்கிள் டயரை வெட்டி ஒட்டித்தான் நடந்தனான்” என்றார் ஐயா.

ஆனால் அவர் தம் காலைப் பற்றி அதிகம் பேசவில்லை. தம் தங்கையைப் பற்றியே பேசினார். தங்கைக்குப் பிறவியிலேயே காது மந்தம். சட்டைப்பை மிஷின் ஒன்று கிடைத்தபின், ஐந்தாறு வயதில் சொல் சொல்லாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தாளாம். ‘அண்ணா’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாளாம். அந்த நேரத்தில் பேட்டரி தடைப் பட்டியலில் ஏறிற்று.

“பழைய பற்றரியை வெயிலிலை காய வைப்பம். பிறகு கொஞ்ச நேரம் வேலை செய்யும்” என்றார். வெப்பத்தில் உலர் மின்கலத்தின் வேதிவினை சற்று விரைவுபடுவதால் எஞ்சியிருக்கும் ஆற்றல் சிறிது வெளிவரும் என்று நான் பாடத்தில் படித்திருக்கிறேன். அது மின்னேற்றம் ஆகாது. கடைசிச் சொட்டைப் பிழிவது மட்டுமே. அப்படிப் பிழிந்த சில நிமிடங்களை எதற்குச் செலவிடுவது? பாடத்துக்கா, அம்மாவின் பேச்சுக்கா? அக்குடும்பம் இரவுக்கென்று ஒதுக்கி வைத்தது. ஏனெனில் இரவில் பொம்மர் வரும். பொம்மர் வரும் ஓசை மற்றவர்களுக்குக் கேட்கும். எழுந்து பதுங்குகுழிக்கு ஓடுவார்கள். பிள்ளைக்குக் கேட்காது. அந்தச் சில நிமிடங்களும் தீர்ந்தபின் அம்மா தம் மணிக்கட்டையும் மகளின் மணிக்கட்டையும் ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு படுத்தாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு என் தந்தையார் நினைவு வந்தது. அவர் கடலுக்கடியில் இருக்கும்போது படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே இருப்பார். அந்தக் கயிறு தொழிலுக்காகக் கட்டியது. இந்தத் தாய் தரையில், தன் வீட்டுப் பாயில் படுத்துக்கொண்டு கட்டினார்.

“இப்ப அவ எப்படி இருக்கிறா, ஐயா?” என்று கேட்டேன். “இருக்கிறா. கலியாணம் கட்டி அங்கைதான் இருக்கிறா” என்றவர், சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “தடை எடுத்தாங்கள், பற்றரி வந்தது, பேச்சுத்தான் வரேல்லை.”

என் பட்டிமன்றப் பரிசை அந்தத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லலாம். தடை என்பது தற்காலிக நெருக்கடி, நோக்கம் நிறைவேறியதும் எடுத்துவிடலாம் என்பதே அதை ஆதரிப்போரின் வாதம். பேச்சுக் கற்கும் பருவத்தில் காது கேட்க வேண்டும். அந்தப் பருவம் போனால் அதைத் திருப்பித் தர எந்த அரசாணையாலும் ஆகாது.

எண்கள் செய்யும் கொடுமை

இது இலங்கையில் மட்டும் நடந்ததென்று எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்தில் தடை வந்த அதே 1990-ஆம் ஆண்டில், ஆகஸ்டு 6-ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 661-ஆம் தீர்மானத்தால் ஈராக்குக்குத் தடை விதித்தது. குவைத்தை ஆக்கிரமித்த சதாம் உசேனைப் பணியவைப்பது நோக்கம். மருத்துவப் பொருளுக்கு விலக்கு உண்டு என்று தீர்மானத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் வாங்கப் பணமில்லை. குடிநீர் நிலையத்துக்கும் மின் நிலையத்துக்கும் உதிரிப் பாகமில்லை. எட்டு ஆண்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்கள் ஏற்கெனவே நிறைந்திருந்த நாடு அது. ஈராக்கில் ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிக்குத் தலைமை ஏற்றிருந்த டெனிஸ் ஹாலிடே 1998-இல் இத்தடையைக் கண்டித்துப் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000-இல் விலகினார். சதாம் 2003 வரை அரண்மனையில்தான் இருந்தார்.

ஈரானை எடுத்துக்கொள்வோம். 2018-இல் அமெரிக்கா அணு ஒப்பந்தத்திலிருந்து விலகித் தடைகளை மீண்டும் விதித்தது. மருந்துக்குத் தடை இல்லை என்றே அமெரிக்கா சொன்னது. ஆனால் பணத்தைக் கொண்டுபோக வங்கி அஞ்சியது. சரக்கை ஏற்றக் கப்பல் நிறுவனம் அஞ்சியது. காப்பீடு தர மற்றொருவர் அஞ்சினார். தொட்டாலே தோல் உரிந்து புண்ணாகும் பிறவி நோய் ஒன்று உண்டு. அந்நோயுள்ள ஈரானியக் குழந்தைகளுக்கு ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஒட்டாத மென்கட்டுத்துணி வராமல் போயிற்று. துறைமுக ஊரில் பிறந்த நமக்கு இது எளிதில் விளங்கும். கப்பலும் இருக்கும், சரக்கும் இருக்கும். ஒரு தாளில் ஒரு முத்திரை இல்லாவிட்டால் பெட்டி அசையாது.

வடகொரியாவின் கதை இன்னும் வியப்பானது. 2017 டிசம்பர் 22-இல் நிறைவேறிய 2397-ஆம் தீர்மானம், உலகச் சுங்கத் துறைகள் எல்லாம் பயன்படுத்தும் பொருள் எண்களைக் கொண்டே தடையை வகுத்தது. 72 முதல் 83 வரையுள்ள அத்தியாயங்களில் வரும் உலோகங்கள், 84, 85-இல் வரும் இயந்திரங்கள், 86 முதல் 89 வரையுள்ள வண்டிகள் ஆகியவற்றை அந்நாட்டுக்கு அனுப்பக்கூடாது. இந்த எண்களை நம் தூத்துக்குடித் துறைமுகத்திலும் நாள்தோறும் எழுதுகிறார்கள். சரி, நடக்க இயலாதவர் அமரும் சக்கர நாற்காலி எந்த அத்தியாயத்தில் வருகிறது? 8713, அதாவது வண்டிகளின் அத்தியாயத்தில்! லாரியோடும் டிராக்டரோடும் சேர்ந்து அதுவும் தடைப்பட்டது. செவிக்கருவி எங்கே வருகிறது? 9021-இல்; அது தப்பித்தது. அதற்குள் போடும் பேட்டரி? 8506-இல், அது அகப்பட்டுக்கொண்டது. காதை அனுப்பலாம், கேட்கும் ஆற்றலை அனுப்பக்கூடாது என்றாகிறது. மனிதாபிமானப் பணிக்கு வேண்டுமானால் ஐ.நா. குழுவுக்கு ஒவ்வொன்றாக விண்ணப்பித்து விலக்குப் பெறவேண்டும். ஒரு காது மிஷினுக்கு மூன்று படிவம் நிரப்பிய எனக்கு அந்த விண்ணப்பத்தை நினைத்தாலே தலை சுற்றுகிறது.

இதை எழுதியவர்கள் கொடியவர்கள் என்று நான் கூறவில்லை. பீரங்கிவண்டியை நிறுத்த எண்ணி எழுதியவர்கள்தாம். அந்த அறையில் ஒரு சக்கர நாற்காலியும் இல்லை. அதனால் யாருக்கும் நினைவு வரவில்லை. இதுவே என் கருத்தின் மையம்.

மறுப்பும் விடையும்

“அப்படியானால் தடையே கூடாதா? நிறவெறி அரசுக்கு எதிராக நாம் தடை விதித்தது தவறா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையைக் கண்டித்து 1946-இலேயே அந்நாட்டுடன் வணிக உறவைத் துண்டித்த முதல் நாடு இந்தியா. அதை எண்ணி நாம் பெருமைப்படலாம். எல்லாத் தடையும் ஒன்றாகா. ஆயுதத்தைத் தடுப்பது வேறு. ஆட்சியாளரின் வங்கிக் கணக்கை முடக்குவது வேறு. ஒரு குழந்தையின் செவியைப் பூட்டுவது வேறு.

“பேட்டரியைக் கொண்டு கண்ணிவெடி செய்தார்களே” என்பது இரண்டாவது மறுப்பு. அதையும் நான் மறைக்கவில்லை. பேட்டரியால் வெடி வெடிக்கும் என்பது உண்மை. அப்போரில் இரு தரப்பும் கண்ணிவெடி புதைத்தன. அதனால் கால் இழந்தவர் எத்தனையோ பேர். ஆயினும் தடை அப்போரை நிறுத்தவில்லை, வெடிகளும் நிற்கவில்லை. போராளிக்குக் கள்ளத்தனமாகக் கிடைத்த பேட்டரி ஆறு வயதுச் சிறுமிக்குக் கிடைக்கவில்லை. தடைச் சுவரில் ஓட்டை இருந்தால் அதில் நுழைபவன் எப்போதும் வலுத்தவனே. ஒரு பள்ளிக்கு மாதம் இத்தனை பேட்டரி எனக் கணக்கிட்டு, பழையதை வாங்கிக்கொண்டு புதியதைத் தந்திருந்தால் எந்த அரசு கவிழ்ந்திருக்கும்?

நாம் கேட்கவேண்டியவை

உலகில் ஆறில் ஒருவர், ஏறத்தாழ 130 கோடி பேர், குறிப்பிடத்தக்க உடற்குறையோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தடைக்கு உள்ளாகும் நாடுகளில் போரால் உறுப்பிழந்தவர்களும் சேர்ந்துகொள்வார்கள். 2006 டிசம்பர் 13-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவு, போரிலும் பேரிடரிலும் அவர்களைக் காப்பது அரசின் கடமை என்கிறது. இந்தியா 2007-இலும் இலங்கை 2016-இலும் அதை ஏற்று உறுதி செய்தன. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. ஆகவே நாம் கேட்பது தருமம் அன்று. எழுதிக் கொடுத்த வாக்கு.

என் சிறிய அறிவுக்கு எட்டிய மூன்று கோரிக்கைகளை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, தடைப் பட்டியல் எழுதும் அன்றே விலக்குப் பட்டியலும் எழுதப்பட வேண்டும். அதில் செயற்கை உறுப்பு, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், செவிக்கருவி மட்டுமின்றி அவற்றின் உதிரிப் பாகமும், மூலப்பொருளும், பேட்டரியும் சுங்க எண்ணோடு இடம்பெற வேண்டும். கருவியை விட்டுவிட்டு பேட்டரியைப் பிடித்துவைக்கும் வேடிக்கை இனி வேண்டாம்.

இரண்டாவது, விலக்குத் தாளோடு நின்றுவிடக்கூடாது. பணம் போக ஒரு வங்கி வழியும், சரக்குப் போக ஒரு கப்பல் வழியும் அச்சமின்றித் திறந்திருக்க வேண்டும். 2022 டிசம்பர் 9-இல் பாதுகாப்புச் சபை 2664-ஆம் தீர்மானத்தால், சொத்து முடக்கத் தடைகளிலிருந்து மனிதாபிமானப் பணிக்குப் பொது விலக்கு அளித்தது. அது நல்ல தொடக்கம். 14 நாடுகள் ஆதரித்தன. இந்தியா மட்டும் வாக்களிக்கவில்லை. பயங்கரவாதிகள் அவ்விலக்கைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பது இந்தியா சொன்ன காரணம். அக்கவலையில் உண்மை இருக்கலாம். ஆனால் திருடன் நுழைவான் என்று மருத்துவமனைக் கதவை யாரும் அடைப்பதில்லை; வாசலில் காவல் போடுவார்கள். 1946-இல் வழிகாட்டிய நம் நாடு இதிலும் முன்னே நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தத் தீர்மானம் பொருள் தடையைத் தொடவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. சக்கர நாற்காலி இன்னும் வாசலில்தான் நிற்கிறது.

மூன்றாவது, பட்டியல் எழுதும் அறையில் மாற்றுத்திறனாளிகள் உட்கார வேண்டும். என் தந்தையாரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார், மிஷினைவிடப் பேட்டரி முக்கியம் என்று. அதைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.

அன்பு மாணவத் தோழர்களே! நாளை நம்மில் ஒருவர் சுங்கத் துறையில் எழுத்தராகலாம்; ஒருவர் வங்கியில் அமரலாம்; ஒருவர் ஆட்சிப்பணிக்கும் போகலாம். நம் முன் ஒரு பட்டியல் வரும். அதில் 8506 என்ற எண்ணைக் காணும்போது பேட்டரி என்று மட்டும் படித்துவிட்டுக் கையொப்பம் இட வேண்டாம். அது யாரோ ஒருவருடைய காது.

திரேஸ்புரத்துக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் வெறும் நீர்தான் தெரிகிறது. அந்நீருக்கு அப்பால், ஒரு தாய் தன் மகளின் மணிக்கட்டில் கட்டிய கயிறு என் கண்ணுக்குத் தெரிகிறது. முகாமிலிருந்து திரும்பிய அன்று மாலை நான் நான்கு பென் பேட்டரி வாங்கிவந்து வீட்டு அலமாரியில் வைத்தேன். எதற்கு இத்தனை என்று என் தந்தையார் கேட்டார். அவர் பையிலிருந்த மிஷினைச் சற்றுக் கூட்டி வைத்து, ஐயா சொன்னதையெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு அலமாரியைத் திறந்து இரண்டு பேட்டரியை எடுத்து என் கையில் வைத்தார். “அந்த முகாம்ல காது மிஷின் வச்சிருக்கிற ஆளு யாரும் இருந்தா குடுத்துட்டு வால” என்றார்.